கடலுக்கடியில் ஒரு பேரேடு, பாதியில் மூடிவிட்டார்கள்

ஜாய்டஸ் ரெசல்யூஷன் என்று ஒரு கப்பல். 1985-லிருந்து உலகத்துக் கடல்களில் எல்லாம் சுற்றி, கடலடியில் துளை போட்டு, பாறையையும் சேற்றையும் உருளை உருளையாக எடுத்துக்கொண்டிருந்தது. இதற்குப் படியளந்துகொண்டிருந்த அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளை, 2024 செப்டம்பருக்கு மேல் ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பதில்லை என்று 2023-லேயே சொல்லிவிட்டது. சொன்னபடி நிறுத்தியும் விட்டது. செலவு ஏறிக்கொண்டே போகிறது, கூட்டாளி நாடுகள் தரும் பங்கு அந்த அளவுக்கு ஏறவில்லை, இதுதான் காரணம்.

நான் படிப்பது பி.காம். "செலவு கட்டுப்படியாகவில்லை" என்று யாராவது சொன்னால் தலையாட்டச் சொல்லித்தான் எங்களுக்குப் பாடமே நடத்துகிறார்கள். இந்த விஷயத்தில் மட்டும் தலையாட்ட மனசு வரவில்லை. ஏன் என்று சொல்வதற்கு, கடலடி மேலோட்டின் கீழ்த்தளத்தில் இருக்கும் பாறைகளைப் பற்றியும் அவற்றுக்குள் இருக்கிற ஐசோடோப்புகளைப் பற்றியும் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது. பயந்து ஓடிவிடாதீர்கள். பதினொன்றாம் வகுப்புக் கணக்குப்பதிவியல் ஞாபகம் இருந்தால் போதும் :)

கடலுக்கு அடியில் சேற்றையெல்லாம் வழித்து எறிந்துவிட்டால் மிஞ்சுவது ஆறேழு கிலோமீட்டர் தடிமனுள்ள எரிமலைப் பாறை. மேலே தலையணை மாதிரி உருண்டு உறைந்த லாவா. அதற்குக் கீழே சீட்டுக்கட்டை நிமிர்த்தி வைத்த மாதிரி செங்குத்தான பாறைச் சுவர்கள். இவை இரண்டும் சேர்த்து ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர்தான். மீதி நாலைந்து கிலோமீட்டரும் காப்ரோ. லாவாவும் காப்ரோவும் ஒரே குழம்பிலிருந்து வந்தவை. லாவா சட்டென்று கடல்நீரில் பட்டு உறைந்தது. காப்ரோ ஆழத்தில், ஆற அமர, பெரிய பெரிய படிகங்களாக உறைந்தது. ஆக, மேலோட்டில் பெரும்பங்கு காப்ரோதான். ஆனால் நமக்குக் கையில் கிடைப்பதெல்லாம் பெரும்பாலும் மேலே உள்ள லாவா. கடையின் முகப்பை மட்டும் பார்த்துவிட்டு குடோனில் இருக்கிற சரக்குக்கு மதிப்புப் போடுகிற மாதிரி.

அடுத்து ஐசோடோப். ஒரே தனிமம், ஒரே வேதியியல் குணம், எடை மட்டும் வேறு. ஆக்சிஜன்-16 என்று ஒன்று, கொஞ்சம் கனமாக ஆக்சிஜன்-18 என்று ஒன்று. ஒரு பாறையில் கனமான ஆக்சிஜன் எத்தனை பங்கு என்று அளந்து, அதைக் கடல்நீரோடு ஒப்பிடுவார்கள். கடல்நீருக்கு 0. ஆயிரத்துக்கு எத்தனை பங்கு கூடுதல் அல்லது குறைவு என்பதுதான் மதிப்பெண். மேன்டிலிலிருந்து வந்த, தண்ணீரே படாத புதுப் பாறைக்கு ஏறக்குறைய 5.7. இந்த ஒரு எண்ணை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர் பட்டால் என்ன ஆகும்? இங்கேதான் விஷயம் சூடு பிடிக்கிறது. குளிர்ந்த தண்ணீர் பாறையோடு வினைபுரிந்தால் பாறை கனமான ஆக்சிஜனை இழுத்துக்கொள்ளும், மதிப்பெண் 5.7-க்கு மேலே ஏறும். முந்நூறு டிகிரிக்கும் மேல் கொதிக்கிற தண்ணீர் என்றால் பாறை கனமான ஆக்சிஜனைத் தண்ணீருக்கு விட்டுக்கொடுக்கும், மதிப்பெண் 5.7-க்குக் கீழே இறங்கும். மேல்தளத்து லாவா குளிர்ந்த தண்ணீரில் ஊறியது. கீழ்த்தளத்துக் காப்ரோ கொதிநீரில் வெந்தது. மேலே பற்று, கீழே வரவு. சாட்சாத் இரட்டைப் பதிவு முறை.

இதை அழகாகக் காட்டியவர்கள் கிரெகரி, டெய்லர் என்ற இரண்டு பேர். 1981-ல் வந்த கட்டுரை. அவர்கள் கடலுக்குள் போகவில்லை, ஓமானுக்குப் போனார்கள். அங்கே ஒரு பழைய கடலடி மேலோடு, அடியில் உள்ள மேன்டில் வரைக்கும் சேர்த்து, அப்படியே நிலத்தின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. மலையேறி நடந்தபடியே மேலோட்டைக் கீழிருந்து மேல்வரை பார்த்துவிடலாம். அங்கே மேல் லாவாவில் மதிப்பெண் 12-ஐ ஒட்டிப் போகிறது. கீழே காப்ரோவில் 4-ஐ ஒட்டி இறங்குகிறது. மேலே ஏற்றம் பெரிது, ஆனால் தடிமன் குறைவு. கீழே இறக்கம் சிறிது, ஆனால் தடிமன் அதிகம். எடைபோட்டுச் சராசரி எடுத்தால் மொத்தமும் கிட்டத்தட்ட அந்தப் பழைய 5.7-க்கே வந்து நிற்கிறது. இருப்பாய்வு டேலி ஆகிவிட்டது! சமையல்கார மாஸ்டர் மாதிரி கடல் ஒரு கையால் எடுத்ததை இன்னொரு கையால் திரும்பப் போட்டிருக்கிறது. தண்ணீர் ஐந்து கிலோமீட்டருக்கும் கீழே போய் வந்திருக்கிறது என்பதும் இதிலிருந்தே தெரிந்தது.

"டேலி ஆனால் ஆகட்டும், எனக்கென்ன?" என்பீர்கள். விஷயம் இருக்கிறது. பழங்காலக் கடல் எவ்வளவு சூடாக இருந்தது என்று கண்டுபிடிக்க, பழைய சுண்ணாம்புப் பாறையிலும் செர்ட் என்கிற சிலிக்காப் பாறையிலும் உள்ள ஆக்சிஜனைத்தான் பார்க்கிறார்கள். பின்னோக்கிப் போகப் போக அவற்றில் கனமான ஆக்சிஜன் குறைந்துகொண்டே போகிறது. இதற்கு இரண்டு விளக்கம் சொல்லலாம். ஒன்று, அந்தக் காலத்துக் கடல் வெந்நீர் மாதிரி சூடாக இருந்தது. இல்லையென்றால், கடல்நீரின் ஆரம்ப இருப்பே இன்றைக்கு இருப்பதுபோல 0 இல்லை. ஓமான் கணக்கு உலகம் முழுக்க, எல்லாக் காலத்துக்கும் பொருந்தும் என்றால் ஆரம்ப இருப்பு மாறியிருக்க வழி குறைவு. பொருந்தாது என்றால் கதையே வேறு. பூமியில் முதல் உயிர்கள் வெந்நீரில் வாழ்ந்தனவா, சாதாரணத் தண்ணீரில் வாழ்ந்தனவா என்பது இந்த ஒரு பேரேட்டுப் பக்கத்தில் தொங்கிக்கொண்டிருக்கிறது. 2020-ல் ஜான்சன், விங் என்ற இரண்டு பேர் மேற்கு ஆஸ்திரேலியாவின் பனோரமா பகுதியில் 324 கோடி ஆண்டுப் பழமையான கடலடிப் பாறையை அளந்துவிட்டு, அன்றைய கடல்நீரின் மதிப்பெண் 3.3 இருந்திருக்கும் என்றார்கள். அதாவது இன்றைக்கு இருப்பதைவிட அதிகம்! சுண்ணாம்பும் செர்ட்டும் இழுக்கிற திசைக்கு நேர் எதிர்த் திசை. அன்றைக்குக் கண்டங்கள் அவ்வளவாகத் தண்ணீருக்கு மேலே தலைகாட்டவில்லை, மழையும் வெயிலும் நிலத்தை அரித்துக் களிமண்ணாக்கும் வேலை நடக்கவில்லை, அதனால் கனமான ஆக்சிஜன் கடலிலேயே தங்கிவிட்டது என்பது அவர்கள் விளக்கம். ஒப்புக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள், தலையைச் சொறிகிறவர்களும் இருக்கிறார்கள். எனக்குப் பிடித்தது என்னவென்றால், பழைய ஐந்தொகை டேலி ஆகிவிட்டது என்பதற்காக யாரும் புத்தகத்தை மூடிவிட்டுப் போகவில்லை.

ஓமானில் ஒரு சிக்கல் உண்டு. அது கடலிலிருந்து நிலத்துக்கு இழுத்துவரப்பட்ட சொத்து. வரும் வழியில் அடிபட்டிருக்கிறது, நிலத்துத் தண்ணீரும் பட்டிருக்கிறது. அதோடு, அது வேகமாக விரிகிற கடலடித் தொடரில் உருவான மேலோட்டுக்குத்தான் நல்ல மாதிரி. உலகத்துக் கடலடித் தொடர்களில் பாதிக்கும் மேல் மெதுவாக விரிபவை. அங்கே என்ன நடக்கிறது என்று பார்க்க, கடலுக்கே போய்த்தான் ஆக வேண்டும்.

போனார்கள். இந்தியப் பெருங்கடலின் தென்மேற்கில், மடகாஸ்கருக்கும் தெற்கே, அட்லாண்டிஸ் பேங்க் என்று ஓர் இடம். (பேங்க் என்றதும் நம் வகுப்புப் பசங்கள் சந்தோஷப்பட வேண்டாம். கடலடி மேட்டுக்கு அப்படிப் பெயர்.) அந்தத் தொடர் ஆண்டுக்கு ஒன்றரை சென்டிமீட்டர்கூட விரிவதில்லை. நகம் வளர்வதைவிட மெது. பெரிய பிளவு ஒன்று வழுக்கிப் போனதில் மேலே இருந்த லாவாவெல்லாம் விலகி, சுமார் 1.2 கோடி ஆண்டுப் பழமையான காப்ரோ வெறும் எழுநூறு மீட்டர் தண்ணீருக்கு அடியில் திறந்து கிடக்கிறது. 1987-ல் இதே ஜாய்டஸ் ரெசல்யூஷன் அங்கே 735பி என்ற துளையை ஐந்நூறு மீட்டர் போட்டது. 1997-ல் திரும்பிப் போய் 1508 மீட்டர் வரை இறக்கினார்கள். துளைத்ததில் 85 சதவீதத்துக்கும் மேல் பாறை முழுசாகக் கையில் வந்தது. கடல் துளையிடலில் இது அசாத்தியம். பல இடங்களில் பாதி வந்தாலே கும்பிடு போடுவார்கள். பிறகு துளைக்குழாய் ஒடிந்து உள்ளேயே மாட்டிக்கொண்டது. அத்தோடு அந்தத் துளை முடிந்தது.

அதில் கிடைத்த கணக்கு ஓமான் மாதிரி இல்லை. மேல் சில நூறு மீட்டரில் தண்ணீரின் கைவரிசை அதிகம். கீழே போகப் போகப் பாறையின் பெரும்பகுதி கிட்டத்தட்ட தொடப்படாமல் இருக்கிறது. விரிசல் இருந்த இடங்களில் மட்டும், பாறை ஆறிய பிறகு வந்த தண்ணீரின் தடம். அதாவது ஒரே சூத்திரத்தை எல்லாக் கடலுக்கும் போட முடியாது. மெதுவாக விரியும் இடத்தில் தண்ணீர் எங்கே வழி கிடைத்ததோ அங்கே போயிருக்கிறது. ஒரு கிளையின் கணக்கைப் பார்த்துவிட்டு எல்லாக் கிளைக்கும் அதே லாபம் என்று எழுதினால் எங்கள் தணிக்கைப் பேராசிரியர் பேப்பரை முகத்தில் எறிவார்.

ஸ்ட்ரான்சியம் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ருபிடியம்-87 மெல்ல மெல்லச் சிதைந்து ஸ்ட்ரான்சியம்-87 ஆகிறது. ரொம்ப மெல்ல, பாதி சிதையவே சுமார் 4,900 கோடி ஆண்டு. ஸ்ட்ரான்சியம்-87-க்கும் 86-க்கும் உள்ள விகிதம் கடலடித் தொடரின் புதுப் பாறையில் 0.703-ஐ ஒட்டி இருக்கும். கடல்நீரில் 0.709. ஆறுகள் கொண்டுவந்து கொட்டுவதில் சராசரியாக 0.711-க்கும் மேல். நம் கங்கையும் பிரம்மபுத்திராவும் இமயமலையின் பழைய பாறைகளை அரைத்துக்கொண்டு வருவதால் அவற்றில் இன்னும் அதிகம். கடைசி நாலு கோடி ஆண்டில் கடலின் விகிதம் ஏறிக்கொண்டே வந்ததில் இமயத்துக்குப் பங்குண்டு என்பது பலர் சொல்வது. ஆறு ஏற்றுகிறது, கடலடிக் கொதிநீர் ஊற்று இறக்குகிறது. இறக்குகிற பக்கத்துத் தொகை எவ்வளவு? அதைப் பிடிக்கத்தான், காப்ரோவில் எவ்வளவு ஆழம்வரை 0.703 என்பது 0.709-ஐ நோக்கி நகர்ந்திருக்கிறது என்று பார்க்கிறார்கள். வெப்பத்தை வைத்துப் போடும் கணக்கும் பாறையை வைத்துப் போடும் கணக்கும் லேசில் ஒத்துப்போவதில்லை. வங்கிச் சரிகட்டும் பட்டியல் போட்டு அழுதிருப்பவர்களுக்கு இந்த வலி புரியும். பாஸ்புக்கில் ஒன்று, கேஷ்புக்கில் ஒன்று. நடுவில் உள்ள வித்தியாசத்தை அனாமத்துக் கணக்கில் தள்ளிவிட்டு வீட்டுக்குப் போக முடியாது.

எனக்கு உண்மையிலேயே தூக்கிவாரிப் போட்டது மூன்றாவது ஆள், நியோடைமியம். கடல்நீரில் இது இல்லாத குறைதான், அவ்வளவு சொற்பம். அதனால் தண்ணீர் எத்தனை முறை பாறையை நனைத்தாலும் நியோடைமியம் அசையாது. அது சொல்வது வேறு விஷயம்: இந்தக் குழம்பு மேன்டிலின் எந்தப் பகுதியிலிருந்து வந்தது என்பது. கடலடி லாவாக்களை அளந்தால் இந்த எண் ஒரே தொடரில் ஓரளவு ஒன்றுபோலவே இருக்கும். அதனால் கீழே இருக்கும் மேன்டிலும் நன்றாகக் கலந்த சாம்பார் மாதிரி ஒரே சீராக இருக்கிறது என்று நினைக்கத் தோன்றும். 2019-ல் சாரா லாம்பார்ட்டும் குழுவினரும் நேச்சர் ஜியோசயின்ஸ் இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். அட்லாண்டிக் நடுத்தொடரில் அட்லாண்டிஸ் மாசிஃப் என்ற இடத்தில் துளையிட்டு எடுத்த காப்ரோ. (எல்லாவற்றுக்கும் அட்லாண்டிஸ் என்றே பெயர் வைத்துத் தொலைத்திருக்கிறார்கள். இது வேறு, முன்னால் சொன்னது வேறு.) பாறையை மொத்தமாகப் பொடித்து அளக்காமல், அதற்குள் உள்ள ஒவ்வொரு கனிமப் படிகத்திலிருந்தும் கொஞ்சம் சுரண்டி அளந்தார்கள். மேலே லாவாவில் தெரிவதைவிடப் பல மடங்கு வேறுபாடு! கீழிருந்து வந்த ஒவ்வொரு சொட்டும் வெவ்வேறு ஊர்க்காரர். மேலே போகும் வழியில் எல்லோரும் ஒன்றாகக் கலந்து, லாவாவாக வெளியே வரும்போது ஒரே முகமாகிவிட்டார்கள். கலப்பதற்கு முந்தைய முகம் கீழ்த்தளத்துப் படிகத்தில் மட்டும் தங்கியிருக்கிறது.

கணக்குப்பதிவியலில் ஈடுசெய் பிழைகள் என்று படித்திருப்போம். ஒரு பக்கம் ஆயிரம் கூட, இன்னொரு பக்கம் ஆயிரம் கூட; இருப்பாய்வு சமமாகிவிடும், தப்பு தெரியாது. அதைப் பிடிக்க ஒரே வழி, பேரேட்டை விட்டுவிட்டு மூலக் குறிப்பேட்டைப் புரட்டுவது. லாவா என்பது கூட்டுத்தொகை. காப்ரோ என்பது குறிப்பேடு. கூட்டுத்தொகை மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காகக் குறிப்பேட்டை வேண்டாம் என்று சொல்வதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

எதிர்த்தரப்பு வாதங்களும் சும்மா இல்லை. கிடங்குகளில் ஏற்கெனவே எடுத்த பாறையே ஏராளம், முதலில் அதைப் பாருங்கள் என்கிறார்கள். நியாயம்தான். இந்தியப் பெருங்கடலின் துளைப்பாறைகள் கோச்சியில் இருக்கின்றன. கேரளத்துக் கொச்சி இல்லை, ஜப்பானில் ஒரு கோச்சி :) புது இயந்திரங்கள் வர வர, பழைய பாறையிலிருந்தே புது விஷயம் கிடைக்கிறது, லாம்பார்ட் குழுவின் வேலையே அதற்கு உதாரணம். ஆனால் கிடங்கில் இல்லாத சரக்கை எந்த இயந்திரமும் அளக்காது. மெக்சிகோவுக்கு அப்பால் 1961-ல் மோகோல் திட்டம் தொடங்கி, கடலடிப் பாறையில் பத்துப் பதினைந்து மீட்டர் இறங்கி, 1966-ல் பணத்தை நிறுத்தினார்கள். அன்றிலிருந்து இன்றுவரை கடலடி மேலோட்டை மேலிருந்து கீழ்வரை முழுசாக ஒருவரும் துளைத்ததில்லை. மேலிருந்து ஒழுங்காக இறங்கிக் காப்ரோவை முதல்முறை தொட்டதே 2005-ல், பசிபிக்கில் 1256டி துளையில். அதுவும் காப்ரோவின் வாசல்படிதான்.

ஓமானில் நிலத்திலேயே துளை போடலாமே, மலிவாச்சே என்பது இரண்டாவது வாதம். போட்டார்கள். 2016-லிருந்து 2018 வரை ஓமான் துளையிடல் திட்டம் நடந்தது, காப்ரோவில் நானூறு மீட்டர் துளைகள். அந்தப் பாறைகளை ஜப்பானுக்குக் கொண்டுபோய், துறைமுகத்தில் நின்ற சிக்யூ கப்பலின் ஆய்வகத்தில் வைத்துப் பார்த்தார்கள். பாலைவனத்துப் பாறை கப்பல் ஏறிய கதை! பிரமாதமான வேலை. ஆனால் மெதுவாக விரியும் தொடர்களைப் பற்றிய கேள்விக்கு ஓமான் பதில் சொல்லாது என்று மேலேயே பார்த்தோம்.

ஜாய்டஸ் ரெசல்யூஷன் போனால் என்ன, வேறு கப்பல் இல்லையா? இருக்கிறது. ஜப்பானிடம் சிக்யூ இருக்கிறது. சீனா 2024 நவம்பரில் மெங் சியாங் என்ற கப்பலைப் பணியில் இறக்கியது. பதினோரு கிலோமீட்டர் வரை துளைக்கும் திறன் என்கிறார்கள். ஜப்பானும் ஐரோப்பிய நாடுகளும் 2025-லிருந்து தனியாக ஒரு கூட்டுத் திட்டம் நடத்துகின்றன. ஆகவே உலகம் அழிந்துவிடவில்லை. ஆனால் தன் கடைசிக் காலத்தில் அந்தக் கிழட்டுக் கப்பல் என்ன செய்தது தெரியுமா? 2023-ல் அட்லாண்டிஸ் மாசிஃபில் மேன்டில் பாறைக்குள்ளேயே 1268 மீட்டர் இறங்கியது. அதற்குமுன் மேன்டில் பாறையில் யாரும் அவ்வளவு ஆழம் போனதில்லை. தேய்மானம் எழுதித் தள்ளிவிட்ட இயந்திரம் வாழ்நாளிலேயே சிறந்த உற்பத்தியைக் கொடுத்த அடுத்த ஆண்டு அதை நிறுத்துகிறார்கள். செலவைக் குறைக்கும் கூட்டத்தில் இந்த வரி யார் கண்ணிலாவது பட்டிருக்குமா?

நம் நாட்டுக்கு இதில் வேலை இருக்கிறது. 2016-ல் இந்தியா சர்வதேசக் கடலடி ஆணையத்தோடு பதினைந்து ஆண்டு ஒப்பந்தம் போட்டது. மத்திய, தென்மேற்கு இந்தியப் பெருங்கடல் தொடர்களில் 10,000 சதுர கிலோமீட்டரில் சல்ஃபைடு தாதுக்களைத் தேடும் உரிமை. 2021-ல் ஆழ்கடல் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 4,077 கோடி ரூபாய் ஒப்புக்கொண்டது. மூன்று பேரை 6,000 மீட்டர் ஆழத்துக்குக் கொண்டுபோகும் மத்ஸ்யா 6000 வாகனம் நம் சென்னைப் பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் பொறுப்பு. சந்தோஷம், பெருமையும்கூட. ஆனால் அந்தத் தாது எங்கிருந்து வந்தது? கடல்நீர் விரிசல் வழியாக இறங்கி, கொதித்து, பாறையிலிருந்து செம்பையும் துத்தநாகத்தையும் கரைத்துக்கொண்டு மேலே வந்து கொட்டியதுதான். தண்ணீர் எவ்வளவு ஆழம் போனது, எவ்வளவு பாறையைக் கழுவியது என்பதை ஆக்சிஜனும் ஸ்ட்ரான்சியமும்தான் சொல்லும். குழாய் எங்கே போகிறது என்று பார்க்காமல் தொட்டித் தண்ணீரை விலைபேசுவது நல்ல வியாபாரியின் லட்சணமா? 735பி துளையும் அதே தென்மேற்குத் தொடரில்தான் இருக்கிறது. அந்தத் தொடரில் தோண்டிப் பார்க்க நமக்கு அமெரிக்காவைவிடக் காரணம் அதிகம்.

என்னைக் கேட்டால், நமக்கென்று தனித் துளையிடும் கப்பல் வாங்கச் சொல்ல மாட்டேன். அது யானை, தீனிக்கே சொத்து போகும். சிக்யூவோ மெங் சியாங்கோ ஐரோப்பியர் வாடகைக்கு எடுக்கும் கப்பலோ, இந்தியப் பெருங்கடலுக்கு வரும்போது பங்கு போட்டுக்கொள்ள ஒரு தொகையை இப்போதே ஒதுக்கி வைக்கலாம். வரும் பாறையை அளக்க இங்கே கருவியும் ஆளும் தயாராக இருக்க வேண்டும். ஒரு படிகத்திலிருந்து சுரண்டிய தூசியில் நியோடைமியம் அளக்கிற ஆள் ஒரே பட்ஜெட்டில் முளைக்க மாட்டார். பத்து வருஷம் பழக வேண்டும். அந்தப் பத்து வருஷச் சம்பளத்தை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று கேட்டால், முதலீடு என்றே எழுதுங்கள், வருவாயினச் செலவு என்று எழுதி அடுத்த வருஷமே வெட்டிவிடாதீர்கள்.

புவியியல் படிக்கிற நண்பர்கள் யாராவது இதைப் படித்தால், ஸ்ட்ரான்சியம் கணக்கில் எந்தப் பக்கம் இடிக்கிறது என்று உங்கள் கட்சியைச் சொல்லுங்கள். எனக்குச் சந்தேகம் முழுக்க விரிசல்கள் மேல்தான். நல்ல பாறையையே பொறுக்கிப் பொறுக்கி அளந்துவிட்டு, நொறுங்கிய பாறையை யாரும் எண்ணாமல் விட்டிருப்பார்களோ என்று. துளையிடும்போது முதலில் கை நழுவிப் போவதும் அந்த நொறுங்கிய துண்டுகள்தானே.